தாத்தா ஓடட்டும்!

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, கைதட்டக் காத்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காத்து வைத்திருக்கும் கரி எஞ்சின்கள் மறுபடி மெயின் லைனில் ஓட வேண்டுமா, அருங்காட்சியகத்தில் நின்றாலே போதுமா என்பது தலைப்பு. ஓட வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "கரி எஞ்சினை மெயின் லைனில் விடுவது, தொண்ணூறு வயதுத் தாத்தாவை மாரத்தானில் ஓடவிடுவது மாதிரி" என்றார். நீங்களும் நன்றாகவே கைதட்டினீர்கள். நான் என்னென்னவோ தயார் செய்துகொண்டு வந்தேன். அதெல்லாம் இருக்கட்டும், முதலில் இந்தத் தாத்தாவைக் கவனிப்போம்.

ஐயா, தாத்தாவை மாரத்தான் ஓடச் சொன்னது யார்? ஈ.ஐ.ஆர். 21 என்று நம்ம ஊரிலேயே ஒரு எஞ்சின் தாத்தா இருக்கிறார். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பிறந்தவர். 1909இல் வேலையிலிருந்து எடுத்து, நூறு வருஷம் காட்சிப்பொருளாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2010இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளிகள் அவரைப் பிரித்து, சீர்படுத்தி, எழுப்பி விட்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை போனார். அப்புறம் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை போய் வந்தார். இது மாரத்தானா? காலையில் கோயில் வரை நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வருகிற நடை! அந்த நடையையும் நிறுத்தித் தாத்தாவைத் திண்ணையிலேயே உட்கார வையுங்கள், மூட்டு பிடித்துக்கொள்கிறதா இல்லையா பாருங்கள்.

இன்னொன்று. தாத்தா தாத்தா என்கிறாரே, பேரனைப் பற்றி அவருக்குத் தெரியுமா? பிரிட்டனில் டொர்னாடோ என்று ஒரு கரி எஞ்சின். பழைய வரைபடங்களை எடுத்து, ஜனங்கள் கொடுத்த காசில், புதிதாகவே செய்தார்கள். 2008இல் ஓட ஆரம்பித்தது. 2017இல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 100 மைல், அதாவது நம் கணக்கில் 160 கிலோமீட்டர் தொட்டது. இதே பிரிட்டன்தான் 1968இல் மெயின் லைனில் கரி எஞ்சினே கூடாது என்று தடை போட்டது. மூன்றே வருஷத்தில், 1971இல், கிங் ஜார்ஜ் ஐந்து என்ற எஞ்சினுக்கு வழிவிட்டு அந்தத் தடையைத் தளர்த்தியதும் அதே பிரிட்டன்தான்.

புகை என்கிறார்கள். விசேஷ நாளில் ஓடுகிற ஒரு வண்டி ஊரைக் கெடுத்துவிடாது. தாமதம் என்கிறார்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து விடலாம். சரி, இதை இத்தோடு விடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

என் பெரியப்பா மீட்டர் கேஜ் காலத்தில் ஃபயர்மேன், எஞ்சின் அடுப்பில் கரி வாரிப் போடுகிறவர். ஒரு ஸ்டேஷனில் பழைய எஞ்சின் ஒன்று கிளம்புவதைப் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டமெல்லாம் செல்ஃபி எடுக்கிறது. பெரியப்பா எஞ்சினைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கிப் புகையைப் பார்க்கிறார். புகை கறுப்பாக வருகிறது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஒரு பையன் கரி வாரிப் போடுகிற சத்தத்தைக் கேட்கிறார். கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன பெரியப்பா?" என்றேன். "சும்மா இருடா" என்றார்.

மெதுவாக நடந்து எஞ்சின் பக்கத்தில் போய், "தம்பி, கரியெல்லாம் நடுவுல குவியுது. அடுப்புக் கதவுக்கு ரெண்டு பக்கமும் மூலை வெறுமையா கெடக்கு. மூலைக்கு வீசு, மெல்லிசா வீசு. கதவை ஒரு வெரக்கடை திறந்து வை, காத்து போகட்டும்" என்றார்.

உள்ளே இருக்கும் நெருப்பை அவர் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே! கரி விழுகிற சத்தம் கேட்டுச் சொல்கிறார். அந்தப் பையன் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு "சரிங்க ஐயா" என்று மூலைக்கு வீசினான். இன்னொரு வீச்சு. இன்னொன்று. கதவை விரற்கடை திறந்து வைத்தான். நான் மேலே பார்த்தேன். கறுப்புப் புகை சாம்பலாச்சு. சாம்பல் வெளுத்துக்கொண்டே போச்சு. கொஞ்ச நேரத்தில் புகைபோக்கிக்கு மேலே கானல் மட்டும்தான் துடிக்கிறது! பையன் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க ஐயா" என்றான். வண்டி கிளம்புகிற வரைக்கும் பெரியப்பா அங்கேயே நின்றார்.

இதை எந்த அருங்காட்சியகம் சொல்லிக் கொடுக்கும்? கண்ணாடிக்குப் பின்னால் இரும்பை நிறுத்தி வைக்கலாம், காதை நிறுத்தி வைக்க முடியுமா?

பெரியப்பா இன்றைக்கு இல்லை. நெருப்புக்கு முன்னால் நின்று நின்று, அவர் முன்கை இரண்டிலும் முடியே முளைக்காது. ரிட்டையர் ஆன பிறகு அவரிடம் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நாங்களும்தான். அன்றைக்கு முன்பின் தெரியாத ஒரு பிள்ளை "நில்லுங்க ஐயா" என்று சொன்னான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். இரவு சாப்பிடும்போதும் பெரியம்மாவிடம் சொன்னார்.

அவரைப் போன்றவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் விழுப்புரத்திலும் பொன்மலையிலும் பெரம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எஞ்சினை ஓட விடுங்கள், பக்கத்தில் இளம்பிள்ளைகளை நிறுத்துங்கள். எங்கள் பக்கம் தீர்ப்புத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.