எவ்வளவு போச்சு என்று கேட்காதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். ஏற்பாட்டாளர்கள் புதன்கிழமை சாயங்காலமாகப் பார்த்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று 4டி குலுக்கல், நம் சிங்கப்பூரின் நான்கு இலக்க லாட்டரி. மணி ஆறரையைத் தாண்டிவிட்டது. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் மடியில் போனை வைத்துப் பார்ப்பது மேடையிலிருந்து நன்றாகவே தெரிகிறது. பாருங்கள், தப்பில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். லாரி மோதிய ஒரு காரின் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு போய் வாங்கியிருக்கிறேன். காரில் இருந்தவர் பிழைத்தாரா என்று விசாரித்ததாக நினைவில்லை.

அதனால் சூதாடாதீர்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. கணக்குச் சொல்லத் தெரியும், அதுதான் என் தொழிலாக இருந்தது.

4டியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர்கள். அத்தனையையும் 'பிக்' என்கிற பந்தய வகையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர், வீதம் வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். செலவு 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அப்புறம் 250 வெள்ளி வீதம் பத்துப் பரிசு, 60 வெள்ளி வீதம் பத்துப் பரிசு. கூட்டுங்கள். 6,590. ஒரு பரிசு விடாமல் எல்லாமே உங்களுக்கே விழுந்தும் 3,410 வெள்ளி கையை விட்டுப் போகிறது. இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. பரிசுத் தொகையை எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். நாம்தான் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம்.

ஆக, ஒரு வெள்ளி போட்டால் சராசரியாக 34 காசு பொழுதுபோக்குக்கான கட்டணம். சினிமா டிக்கெட் மாதிரி. படம் முடிந்ததும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு யாரும் சண்டை போடுவதில்லையே? பொறுப்பாக ஆடுவது என்றால் என் கணக்கில் இவ்வளவுதான்: போகிற காசை வீட்டிலேயே எண்ணி எடுத்து வைப்பது, அது தீர்ந்தால் எழுந்து வருவது, கடன் வாங்கி ஆடாமல் இருப்பது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இரண்டாவதில்தான் ஆள் தோற்கிறான்.

ஏன் எழுந்து வர முடிவதில்லை? "இந்த நம்பர் ஆறு மாசமா வரல, இனிமே வந்தே தீரும்" என்று நம் காப்பிக்கடைகளில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 1913 ஆகஸ்டில் மொனாக்கோ நாட்டு மாண்டி கார்லோ கசினோவில், கறுப்பு, சிவப்புக் கட்டங்களில் பந்து விழும் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பே விழுந்தது. பத்துப் பதினைந்து தடவை ஆனதும், இனி சிவப்புதான் என்று கூட்டம் சிவப்பின்மேல் பணத்தைக் கொட்டியது. சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. கடைசியாக என்ன விழுந்தது என்பது நமக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. போன பணத்தை அதே இடத்தில் பிடிக்க வேண்டும் என்கிற வெறி அங்கேதான் பிறக்கிறது. மருத்துவர்கள் இதைத்தான் பெரிய அறிகுறியாகச் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்கள் இருக்கிற அதே அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டது. ஒன்பது அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் நான்கு இருந்தால் நோய்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகளாலும் திடீரென்று சூதாட்ட வெறி வரலாம். அறுபது வயதுவரை சீட்டையே தொடாத அப்பா திடீரென்று மாறினால், திட்டுவதற்கு முன்னால் அவர் மாத்திரைப் பெட்டியை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்த ஒன்பது அறிகுறிகளையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டே கேள்வி உண்டு, ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தவை. மேலும் மேலும் அதிகமாகப் பந்தயம் கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறேன் என்பதை முக்கியமானவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு போச்சு என்று இதில் எங்கேயும் கேட்கவில்லை, பார்த்தீர்களா? நம் வீடுகளில் முதலில் கேட்பதே அதைத்தான்.

நாங்களும் அதைத்தான் கேட்டோம். என் அண்ணன் நல்ல சம்பாத்தியக்காரர். 2010-இல் இரண்டு கசினோக்களும் திறந்தபோது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவு வரி வைத்தார்கள். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். வரி இருந்தால் ஆட்கள் யோசிப்பார்கள் என்பது எண்ணம். அண்ணன் யோசிக்கத்தான் செய்தார்: கட்டிய வரியை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளுக்கு அந்த வரியும் இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அண்ணன் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். தபால் பெட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிள்ளையின் டியூஷன் பணம் இரண்டு தடவை "மறந்துபோனது". கடைசியில் கடன் பதினெட்டாயிரம் என்றார். நானும் அக்காவும் சேர்ந்து அடைத்தோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கடன் அடைந்ததும் அவருக்குப் புதுக்கடன் வாங்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான். சொன்ன தொகையும் பாதிதான் என்பது எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. முழுக் கணக்கும் மேசைக்கு வராமல் ஒரு காசு கொடுக்கக் கூடாது. கொடுப்பதாக இருந்தாலும் கடன் கொடுத்தவருக்கு நேராகப் போக வேண்டும். ஆடுகிறவர் கையில் நோட்டாகப் போகக் கூடாது.

அண்ணிதான் விவரமானவர். சூதாட்டப் பிரச்சினைக்காக 2005-இல் அமைத்த தேசிய மன்றத்தில் மனு கொடுத்தார். ஆடுகிறவர் தானாகவும் தன்னைத் தடை செய்துகொள்ளலாம். மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களும் கேட்கலாம். விசாரித்து உத்தரவு போடுவார்கள், கசினோ வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கவுன்சலிங்குக்கும் வழி காட்டுவார்கள். தெருமுனை 4டி கடையை அது தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உத்தரவு வந்த அன்று அண்ணன் கோபத்தில் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! நான்கு மாதம் அண்ணியிடம் பேசவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்வார், தட்டைக் கழுவி வைப்பார், அறைக்குப் போய்விடுவார். அப்புறம் ஒரு சம்பள நாள், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஏடிஎம் அட்டையை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, "பின் நம்பரை மாத்திக்க, எங்கிட்ட சொல்லாத" என்றாராம்.

ஆறு வருடம் ஆகிறது. அட்டை இன்னும் அண்ணியிடம்தான் இருக்கிறது.