முதல் ரவுண்ட் பிக்கைக் கொடுத்து இரண்டு பிக் வாங்கலாமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். நண்பர்கள் 12 பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடத்துகிறார்கள். நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, நிஜப் போட்டிகளில் அவர்கள் குவிக்கும் கணக்கைக் கொண்டு மோதும் விளையாட்டு அது. ஆட்டக்காரர்களை ரவுண்ட் ரவுண்டாக முறைவைத்து எடுப்பது டிராஃப்ட், ஒருவரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிக். கேள்வி கேட்டவருக்கு டிராஃப்டில் 3-ஆவது இடம். 10-ஆவது இடத்தில் இருக்கும் நண்பர், "என் இரண்டாவது, மூன்றாவது ரவுண்ட் பிக் ரெண்டையும் தர்றேன், உன் முதல் ரவுண்டையும் கடைசி ரவுண்டையும் கொடு" என்கிறாராம். இதை ஒத்துக்கொள்ளலாமா, அடுத்த வருட பிக்கையும் டிரேடில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ரவுண்ட் எண்ணை விட்டுவிட்டு, மொத்தத்தில் எத்தனையாவது ஆளை எடுக்கப் போகிறீர்கள் என்று தாளில் எழுதிப் பாருங்கள். ஸ்நேக் டிராஃப்டில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் வரிசை தலைகீழாகத் திரும்பும். அதனால் உங்களுக்கு 3, 22, 27, 46 என்று வரும். அவருக்கு 10, 15, 34, 39. அவர் கேட்கிற மாதிரி மாற்றினால் உங்களிடம் 15, 22, 27, 34, 46 இருக்கும். அவரிடம் 3, 10, 39. முதல் பத்துப் பேரில் இரண்டு பேர் அவர் கைக்குப் போய்விடுவார்கள், உங்களுக்கு முதல் 14 பேரில் ஒருவர்கூட இல்லை.

உச்சியில் இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு ஈடு கிடைப்பது கஷ்டம். 2024-இல் ஷோஹே ஓட்டானி 54 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார், 59 பேஸ் ஸ்டீல் (அடிக்காமலே ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது) செய்தார். ஒரே ஆள் இரண்டு கணக்கிலும் உங்கள் அணியைத் தூக்கி நிறுத்துகிறார். அப்படிப்பட்டவருக்கும் 15-ஆவது ஆளுக்கும் இடைவெளி பெரிது. கீழே போகப் போக அது சுருங்கிவிடும். கடைசி ரவுண்டில் கிடைப்பவரை சீசன் நடுவில் வேய்வரிலேயே, அதாவது எந்த அணியிலும் இல்லாமல் மிச்சமிருப்பவர்களிலிருந்தே, எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக 3-ஆவது பிக்கை விட்டே கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ரொனால்ட் அக்குன்யா 2023-இல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் என்று ஆடியதால், 2024 டிராஃப்ட்களில் பெரும்பாலும் முதல் ஆளாகப் போனார். மே மாதமே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முடிந்தது. அதனால் சரியான விலை வந்தால் இறங்கி வரலாம். நான் கேட்கிற விலை இது: உங்கள் 3-ஐயும் 46-ஐயும் கொடுங்கள், அவருடைய 10-ஐயும் 34-ஐயும் வாங்குங்கள். அப்போது உங்களிடம் 10, 22, 27, 34. மேலே ஏழு இடம் இறங்குகிறீர்கள், கீழே 12 இடம் ஏறுகிறீர்கள். இரண்டு பேருக்கும் பிக் எண்ணிக்கையும் மாறாது. இது நியாயமான டிரேட்.

உங்களுடையது கீப்பர் லீக் (போன வருட ஆட்டக்காரர்கள் சிலரை அப்படியே வைத்துக்கொள்ள விடுவது) என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள பத்தாவது ரவுண்ட் பிக்கைச் செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்து, அந்த பிக்கை ஏற்கெனவே விற்றுவிட்டீர்கள் என்றால், அவரை எப்படி வைத்துக்கொள்வீர்கள்?

சரி, அடுத்த வருட பிக். அமெரிக்காவின் நிஜ மேஜர் லீக் பேஸ்பாலிலேயே டிராஃப்ட் பிக்கை விற்க முடியாது. காம்பெடிடிவ் பேலன்ஸ் என்று சில அணிகளுக்குக் கொடுக்கும் பிக்குகள் மட்டும்தான் விதிவிலக்கு. நண்பர்கள் லீக்கில் தாராளமாக அனுமதிக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும்: அடுத்த வருட பிக்கை விற்பவர் அடுத்த வருடக் கட்டணத்தை அன்றைக்கே லீக்கை நிர்வகிக்கும் கமிஷனரிடம் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜூலையில் ஒருவர் முதல் மூன்று ரவுண்டையும் விற்று, இந்த வருடம் ஜெயித்துவிட்டு, மார்ச்சில் "எனக்கு நேரமில்லப்பா" என்று விலகிவிடுவார். அவர் இடத்துக்கு வருபவர் நாலாவது ரவுண்டிலிருந்துதான் ஆள் எடுக்க முடியும். அப்படிப்பட்ட அணியை யார் ஏற்பார்கள்? முன்பணம் இருந்தால், புதிதாக வருபவருக்கு அந்த வருடம் கட்டணம் இல்லை என்று சொல்லி ஆள் சேர்க்கலாம். இந்த விதியை டிராஃப்டுக்கு முன்பே எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதிப் போடச் சொல்லுங்கள். டிரேட் நடந்த பிறகு போட்டால் யாரோ ஒருவரைக் குறிவைத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.