மருந்துச் சீட்டில் இல்லாத பணிகள்

செவிலியர்களுக்கும், வீட்டில் நோயாளியை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் குடும்பத்தினருக்கும் என் வணக்கம்.

சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, நுரையீரல் அடைப்பு நோய், மூட்டுவாதம். இவை வந்தால் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. மருத்துவர் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள். மீதிப் பொழுது முழுவதும் அரிப்பு, குமட்டல், தூக்கமின்மை, பயம் இவற்றோடு நோயாளி தனித்துப் போராடுகிறார். அந்தப் பொழுதுக்கு உரியவர்கள் நாம். மருந்தோடு சேர்த்து நாம் செய்யக்கூடிய இதமான துணைச் சிகிச்சைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக இருந்தவர். பிறகு மருத்துவச் சமூகப் பணியாளராகி, அதன் பின்னரே மருத்துவம் படித்தார். 1967இல் லண்டனில், குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கினார். உடல், மனம், குடும்பச் சூழல், ஆன்மிகம் என்ற நான்கும் சேர்ந்ததே ஒருவரின் வலி என்று அவர் சொன்னது, நோயாளிகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டதால் கிடைத்த அறிவு.

மூச்சுத் திணறலை எடுத்துக்கொள்வோம். நாள்பட்ட நுரையீரல் நோயாளி திணறும்போது நம் கை முதலில் ஆக்சிஜனைத் தேடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் அது தேவைதான். குறையாமலேயே திணறுபவர்களும் உண்டு. அவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். எதிரே ஒரு மேசை, அதன்மேல் தலையணை. முன்பக்கம் சாய்ந்து கைகளைத் தலையணைமேல் ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் ஊதி விடட்டும். கையடக்க மின்விசிறியை மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நேராகச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். அந்தக் குளிர்ச்சியை முகத்தின் உணர்வு நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது. திணறல் என்ற உணர்வு தணிகிறது. ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் எண் மாறாமல் இருக்கலாம். ஆனால் தோள்கள் இறங்குவதையும், அவர் ஒரு முழு வாக்கியம் பேசி முடிப்பதையும் பக்கத்தில் இருப்பவர் காண முடியும். இதையெல்லாம் சில்லறை வேலை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதமானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. காலில் ரத்தக்கட்டி இருக்கும்போது அங்கே பிடித்துவிடக் கூடாது. கதிர்வீச்சு பெற்ற தோலில் நறுமண எண்ணெய் தேய்க்கக் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் வெந்நீர்ப் பை வைத்தால், சுடுகிறது என்று அவருக்கே தெரியாது. கொப்புளத்தைப் பார்த்த பின்புதான் தெரியும். மருந்துக்கு இருப்பதுபோல் இவற்றுக்கும் அளவும் தடையும் உண்டு.

மூலிகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். மனச்சோர்வுக்காகப் பலர் எடுத்துக்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரினையும் அப்படியே. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதய நோயாளிக்கு இரண்டுமே ஆபத்து.

"கைவைத்தியம் ஏதாவது செய்கிறீர்களா?" என்று அதட்டலாகக் கேட்டால், "இல்லை" என்ற பதில்தான் வரும். "மாத்திரை தவிர உங்களுக்கு இதமாக இருக்கிறது என்று வேறு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அலமாரியில் ஒளித்து வைத்த புட்டி வெளியே வரும். அதைத் திட்டாமல் வாங்கிப் பார்த்து, மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் காட்டுவது நம் பொறுப்பு. மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய் என்று யார் சொன்னாலும் அங்கே நாம் உறுதியாகக் குறுக்கே நிற்க வேண்டும். துணைச் சிகிச்சை மருந்தோடு சேர்ந்து வருவது, மருந்தின் இடத்தைப் பிடிப்பதல்ல.

குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை: படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையைச் செவிலியரிடம் கேட்டு, அவர் முன்னிலையில் ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் முதுகும் முக்கியம்.

செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள். இவற்றைச் செய்தால் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். விசிறி வைத்த நேரம், அதற்கு முன்னும் பின்னும் திணறல் 0 முதல் 10 வரையில் எவ்வளவு என்று நோயாளியே சொன்ன எண், எந்த நிலையில் உட்கார்ந்தபோது நன்றாக இருந்தது என்பது. இரவுப் பணிக்கு வருபவர் அதைப் படித்தால், நோயாளி மறுபடியும் முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.