கேசிங் எத்தனை அடி?

நேயர்களுக்கு வணக்கம். ஆழ்குழாய்க் கிணறு போட்ட வீட்டாரிடம் ஆழம் எத்தனை அடி என்று கேட்டால் உடனே சொல்வார்கள். எத்தனை இஞ்ச் தண்ணீர் கிடைத்தது என்றும் சொல்வார்கள். துளையின் மேல்பகுதி சரியாமல் இருக்க உள்ளே இறக்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். இன்று நான் பேச வந்தது ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் நிலத்தடியைப் பற்றி. ஆனாலும் திரும்பத் திரும்ப இந்தக் கேள்விக்கே வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்கடியில் ஓர் ஏரி தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப் பாறை. ராணிப்பேட்டையும் அதில் அடக்கம். மேலே மண், அதன் கீழ் மக்கி உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். மக்கிய பாறையில் நீர் பரவலாக ஊறி நிற்கும். கருங்கல்லிலோ வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும்தான் நீர். அந்த வெடிப்பு எங்கே போகிறது என்பதை மேலே நின்று நிலத்தின் சரிவைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இப்படிப்பட்ட நிலத்தின் மேல்தான் 1970களில் குரோமேட் என்னும் குரோமிய உப்பைத் தயாரிக்கும் ஆலை ஒன்று வந்தது. குரோமியத் தாதுவைச் சோடா உப்புடன் சூளையில் வறுத்து, நீரில் ஊறவைத்துச் சாரத்தை எடுத்துக்கொள்வார்கள். எடுத்தது போக மிஞ்சிய சக்கையிலும் கொஞ்சம் குரோமேட் ஒட்டியிருக்கும். 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. சக்கை அங்கேயே கிடந்தது. அதன் அளவை ஒன்றரை லட்சம் டன் என்று சொல்லும் அறிக்கையும் உண்டு, இரண்டே கால் லட்சத்தைத் தாண்டும் என்று சொல்லும் அறிக்கையும் உண்டு. மழை பெய்தால் குவியலின் அடியிலிருந்து மஞ்சளாக நீர் கசியும்.

தோல் பதனிடும் தொட்டியில் போடுவதும் குரோமியம்தானே என்று கேட்பீர்கள். அது மூவிணைதிற குரோமியம் என்ற ஒரு வடிவம். பெரும்பாலும் மண்ணில் படிந்து நின்றுவிடும். சக்கையில் இருப்பது அறுவிணைதிறம் என்ற வேறொரு வடிவம். களிமண்ணால் அதைப் பிடித்து வைக்க முடிவதில்லை, நீரோடு நீராகப் போய்க்கொண்டே இருக்கும். நஞ்சும் இதற்குத்தான் அதிகம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கு மஞ்சள் தெரிகிற நிலை வருவதற்கு வெகு முன்பே அந்த வரம்பு கடந்திருக்கும்.

இனி என் கேசிங் கதை. வேறோர் ஆலை, பெயர் வேண்டாம். அங்கே இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகள். கழிவுக் குவியலை ஒட்டிய கிணற்றில் தெளிந்த நீர். தள்ளியிருந்த கிணற்றில் மஞ்சள். மேலாளர் வாதத்தைத் தயாராக வைத்திருந்தார்: “பக்கத்தில் இருப்பது சுத்தமாக இருக்கிறதே, சார். அப்புறம் எங்கள் குவியலைக் குறை சொன்னால் எப்படி?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? கிணறு தோண்டிய ரிக் மேஸ்திரியைத் தேடிப் பிடித்தோம். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. “முதல் கிணற்றில் பாறை வரைக்கும் பைப் விட்டோம், ஐயா. இரண்டாவதில் பாறை 60 அடியில்தான் வந்தது. பைப் விலை ஏறிவிட்டது, 20 அடி போதும் என்று சொல்லிவிட்டார்கள்.” மக்கிய பாறை கொஞ்சம் கெட்டியாக இருந்ததால் துளை சரியவில்லை, அவ்வளவுதான்.

மோட்டாரை மேலே தூக்கச் சொன்னோம். உச்சி வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, குழிக்குள் வெளிச்சத்தை இறக்கினோம். பைப் முடிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, துளைச் சுவரில் ஈரம் மினுங்கியது. அங்கிருந்து நூல் கனத்தில் மஞ்சள் நீர் வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலாளரும் குனிந்து பார்த்தார். அதன்பின் வாதம் இல்லை. மாசு அங்கே மேல் அடுக்கில் எப்போதோ பரவிவிட்டிருந்தது. கருங்கல்லுக்குள் இறங்க அதற்கு வழி கிடைக்காமல் இருந்தது. அரைகுறைக் கிணறு ஏணி போட்டுக் கொடுத்துவிட்டது. தெளிவாக இருந்த கிணற்றிலோ மேல் அடுக்கின் நீர் நுழைய பைப் இடம் விடவில்லை. அந்த நீரைப் பார்த்துவிட்டு நிலம் சுத்தம் என்றால் எப்படி?

ஆகவே, கேசிங் கெட்டிப் பாறையைத் தொட்டு உட்கார வேண்டும். பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். கைவிட்ட கிணற்றைக் கல்லைப் போட்டு மூடினால் போதாது. அதையும் முறையாக அடைக்க வேண்டும். தோண்டும்போது பத்து அடிக்கு ஒரு கைப்பிடி பாறைத் தூளை உறையில் போட்டு, ஆழத்தை எழுதி வையுங்கள். தொழிற்சாலைக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பிற்பாடு எந்த ஆய்வுக்கும் அந்த உறைகள்தான் முதல் சாட்சி.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுத்திகரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக: அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு, அதன் கரைசல் அறுவிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாக மாற்றிப் படியவைக்கும். மேல் அடுக்கில் அது ஓரளவு எளிது. கருங்கல் வெடிப்புகளுக்குள் கரைசலைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. அதற்கும் முன்னால் குவியலின் மேல் மழை விழாமல் மூடியாக வேண்டும், இல்லையென்றால் கீழே இறைக்க இறைக்க மேலிருந்து புதிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். நன்றி, வணக்கம்.