காமாலை வந்தால் ஏஆர்டி மாத்திரையை நிறுத்தலாமா?

[திரையில்: மாத்திரை டப்பா, மூடி திறக்கிறது]

வணக்கம். எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி சென்டரில் கொடுக்கிற டிஎல்டி மாத்திரை ஒன்றுதான். அதற்குள் மருந்து மூன்று: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர். எச்ஐவிக்காகத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் முதல் இரண்டும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் சேர்த்தே அடக்கிவைக்கும். பலருக்கு இது தெரியாது. அங்கேதான் சிக்கல்.

[திரையில்: கல்லீரல்]

ரத்தம், உடலுறவு, பிரசவம் என எச்ஐவி வருகிற வழியில்தான் ஹெபடைடிஸ் பியும் வரும். பல வருஷம் கண் மஞ்சளாகாது, பசி குறையாது. உள்ளே கல்லீரல் சுருங்கிக்கொண்டிருக்கும். எச்ஐவியும் கூட இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். எச்பிஎஸ்ஏஜி என்ற ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

[திரையில்: அம்மியில் பச்சிலை]

காமாலை என்றதும் வீட்டில் என்ன சொல்வார்கள்? "இங்கிலீஷ் மருந்தெல்லாம் நிறுத்து, கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி, உப்பு சேர்க்காதே." கீழாநெல்லியைப் பற்றி 1988இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு பெரிய நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இலையைவிட எனக்குப் பயம் அந்த "நிறுத்து" என்ற வார்த்தைமேல்தான். டெனோஃபோவிரைச் சட்டென்று விட்டால் அடங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் சீறலாம். கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தால் காமாலை வருவதும் உண்டுதான். எதனால் என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கிட்னி பிரச்சினைக்காக மாத்திரையை மாற்றும்போதும் கேளுங்கள்: "சார், எனக்கு ஹெப்படைடிஸ் பி இருக்கு. புது மாத்திரை அதுக்கும் கேட்குமா?"

[திரையில்: ஊசி]

பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இல்லை என்று வந்து, எதிர்ப்புசக்தியும் இல்லாவிட்டால் தடுப்பூசி. எச்ஐவி உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு சில சமயம் பிடிப்பதில்லை. அதனால் இரட்டை அளவில் நான்கு முறை போடுவதுண்டு: முதல் நாள், பிறகு 1, 2, 6ஆம் மாதங்களில். கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது. மாத்திரை உண்டு, பெரும்பாலும் 12 வாரத்தில் குணம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். ஊசியைப் பகிர்ந்தால் மறுபடியும் தொற்றும்.

ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு வீட்டில் தட்டு, டம்ளரைப் பிரித்துவைக்க வேண்டாம். பிளேடு, ரேசர், டூத்பிரஷ் மட்டும் தனி. கணவனோ மனைவியோ பரிசோதித்து ஊசி போட்டுக்கொள்ளட்டும். பிறக்கும் குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள்.