ரிப்போர்ட்டுல ஈஸ்னோபில் கூடியிருக்கா? புழு எங்க இருக்குன்னு யோசிங்க

வணக்கம். நம்ம ஊர்ல தும்மல் விடாம வந்தாலும், ராத்திரி இளைப்பு வந்தாலும், "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்குங்க"ன்னு சொல்லிடறோம். ஒரு நோயோட பேர் மாதிரியே அது ஆகிப்போச்சு. ரத்தத்துல ஈஸ்னோபில்ங்கிற வெள்ளையணு கூடியிருக்குங்கிறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம். ஏன் கூடுச்சுன்னு அந்த வார்த்தை சொல்லாது. அலர்ஜியால கூடும், சில மருந்தால கூடும், புழுவால கூடும். இன்னைக்குப் பேசப்போறது புழுவைப் பத்தி.

கையில ரத்த ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்கோங்க. டிஃபரென்ஷியல் கவுண்ட்ல, அதாவது வெள்ளையணு வகை ஒவ்வொண்ணும் எத்தனை சதவீதம்ங்கிற கணக்குல, "ஈஸ்னோபில் 8 சதவீதம்"னு போட்டு, பக்கத்துல ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்ததும் பயந்துடறாங்க. சதவீதத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. மொத்த வெள்ளையணு எண்ணிக்கையால பெருக்கி, 100-ஆல வகுத்துப் பாருங்க. மொத்தம் 5,000, அதுல 8 சதவீதம்னா 400. இது சாதாரணம்தான். மொத்தம் 14,000, அதுல 40 சதவீதம்னா 5,600. இது ரொம்ப அதிகம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 500-க்கு மேல இருந்தாத்தான் கூடுதல்னு எடுத்துக்கறோம். 1,500 தாண்டிட்டா காரணத்தைத் தேடியே ஆகணும்.

இப்ப திரையில தெரியறது லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடு, எண்ணெய் லென்ஸ்ல பார்க்கறோம். சுத்தி வெளிர் ரோஸ் நிறத்துல இருக்கறதெல்லாம் சிவப்பணு. நடுவுல அதைவிட ரெண்டு மடங்கு அகலமா ஒண்ணு இருக்கு பாருங்க. கரு ரெண்டு பாகமா, நடுவுல மெல்லிசா ஒரு இணைப்போட, மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கு. மீதி இடம் பூரா ஆரஞ்சு நிறத்துல மணி மணியா, ரவா கேசரி கணக்கா நெருக்கமா அடைச்சிருக்கு. ஈயோசின் சாயத்தை அந்த மணிகள் இழுத்துக்கறதாலதான் 1879-ல பால் எர்லிக் இந்த அணுவைத் தனியா அடையாளம் கண்டார். பேரும் அந்தச் சாயத்துலேர்ந்து வந்ததுதான். அந்த மணியை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, இதோட ஆயுதமே அதுதான்.

பாக்டீரியா கிட்டத்தட்ட ஒரு மைக்ரான் நீளம், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளையணு அதை முழுசா விழுங்கி உள்ளயே கொன்னுடும். யானைக்கால் புழுவோட குஞ்சு, மைக்ரோஃபைலேரியா, சுமார் 250 மைக்ரான் நீளம். ஈஸ்னோபில் 12-லேர்ந்து 15 மைக்ரான்தான். எலி மலைப்பாம்பை விழுங்க முடியுமா? அதனால ஈஸ்னோபில் புழுமேல போய் ஒட்டிக்கும். அதுக்கு முன்னாடியே எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி, புழுவோட தோல்மேல படிஞ்சிருக்கணும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஈஸ்னோபில் அந்த ஆரஞ்சு மணிகளை வெளியே கொட்டும். மேஜர் பேசிக் புரோட்டீன், பெராக்சிடேஸ்னு அதுல இருக்கற சரக்கு புழுவோட தோலை அரிச்சு ஓட்டை போடும். ஒரு ஈஸ்னோபிலால ஆகற காரியம் இல்ல, டஜன் கணக்குல மொய்க்கும். அந்தச் சரக்குக்குப் புழு எது, நம்ம திசு எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. புழுநோய்ல வர்ற இருமல், அரிப்பு, வீக்கத்துல ஒரு பங்கு இந்தச் சண்டையாலதான் வருது.

இத்தனை ஈஸ்னோபிலை யார் வரவழைக்கறாங்க? குடல் சுவர்ல டஃப்ட் செல்னு ஒண்ணு இருக்கு. புழு வந்ததை மோப்பம் பிடிச்சு அது முதல்ல தகவல் அனுப்பும். அதை வாங்கின லிம்ஃபாய்டு அணுக்களும், பின்னாடியே வர்ற டி-ஹெல்பர் 2 அணுக்களும் (ரெண்டும் வெள்ளையணு வகைதான்) இன்டர்லூக்கின்-5-ங்கிற தகவல் புரதத்தைச் சுரக்கும். எலும்பு மஜ்ஜைக்கு அதுதான் உத்தரவு: ஈஸ்னோபில் செய், அனுப்பு. இன்டர்லூக்கின்-13 வேற வேலை பார்க்கும். குடல்ல சளியைக் கூட்டி, தசையை இறுக்கி, புழுவை வெளியே தள்ளப் பார்க்கும். குடல்ல இருக்கற புழுவைப் பொறுத்தவரை கொல்றதைவிட இந்தத் தள்ளுதல்தான் முக்கியம்னு நான் நினைக்கறேன். ஈஸ்னோபிலே இல்லாத எலிகள்கூட சில புழுக்களை வெளியேத்திடுது.

ரத்தத்துல ஈஸ்னோபில் ஒரு நாள்கூட முழுசா தங்காது. அங்கேர்ந்து திசுவுக்குப் போய் ஒண்ணு ரெண்டு வாரம் இருக்கும். ரிப்போர்ட்டுல நாம பார்க்கறது பஸ் ஸ்டாண்டுல நிக்கற கூட்டத்தை. ஊருக்குள்ள அதைவிட நூறு மடங்குக்கு மேல இருக்கும்.

அடுத்த விஷயத்தைத்தான் பலரும் கோட்டை விடறாங்க. புழு இருந்தாலே ஈஸ்னோபில் கூடும்னு கிடையாது. புழு திசுவுக்குள்ள புகுந்தாத்தான் நல்லா கூடும். உருண்டைப் புழு முழுசா வளர்ந்து குடல் குழாய்க்குள்ள சும்மா கிடந்தா, எண்ணிக்கை சாதாரணமாவே இருக்கலாம். அதோட குஞ்சு நுரையீரல் வழியா பயணம் போற வாரங்கள்ல விர்ருனு ஏறும், அப்ப மலத்துல முட்டையே இருக்காது! கல்லீரல்ல ஹைடடிட் கட்டி, அதாவது ஒரு வகை நாடாப்புழுவோட குஞ்சால வர்ற நீர்க்கட்டி, உடையாம இருக்கற வரைக்கும் பேசாம இருக்கும், கசிஞ்சா ஏறும். மலேரியா, அமீபா, ஜியார்டியா எல்லாம் ஒட்டுண்ணிதான், ஆனா ஒரே அணுவால ஆன உயிர்கள். அதுக்குப் பொதுவா ஈஸ்னோபில் ஏறாது. மலேரியா நோயாளிக்கு மெஷின் ஈஸ்னோபில் அதிகம்னு காட்டினா ஸ்லைடை எடுத்து கண்ணால பாருங்க. மலேரியா நிறமியை முழுங்கின நியூட்ரோஃபிலைச் சில மெஷின்கள் ஈஸ்னோபில்னு தப்பா எண்ணிடும்.

ராத்திரி வறட்டு இருமலும் இளைப்பும் இருந்து, எண்ணிக்கை 3,000-க்கு மேல போனா, நம்ம பகுதியில ட்ராபிகல் பல்மனரி ஈஸ்னோபீலியாங்கிற நுரையீரல் நோயை நினைக்கணும். 1943-ல வைன்கார்ட்டன்ங்கிற டாக்டர் "ட்ராபிகல் ஈஸ்னோபீலியா"ன்னு பேர் வெச்சு எழுதினது இதைத்தான். காரணம் யானைக்கால் புழுதான்னு பிற்பாடு தெரிய வந்துச்சு. யானைக்காலுக்கு ராத்திரி 10 மணிக்கு மேல ரத்தம் எடுக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த நோய்ல அப்படி எடுத்தாலும் குஞ்சு கிடைக்காது. நுரையீரல்லயே சிக்கி அங்கயே தாக்கப்படுது. அதனால ஆஸ்துமான்னு வருஷக்கணக்கா இன்ஹேலர் போயிட்டிருக்கும், இல்ல டி.பி.ன்னு சந்தேகப்படுவாங்க. டாக்டர் தர்றது டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்) மாத்திரை, யானைக்கால் புழுவுக்கான மருந்து, ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 6 மில்லிகிராம், மூணு வாரம். 50 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம், மூணு வேளையா பிரிச்சு. ஒரு வாரத்துக்குள்ளயே இருமல் குறைய ஆரம்பிச்சிடும். அதை நம்பி பாதியில நிறுத்தக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தர்றது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். வெறுங்காலோட ஈர மண்ணுல நடக்கறப்போ தோல் வழியா ஏறுற புழு. உடம்புக்குள்ளயே திரும்பத் திரும்பப் பெருகி, பல பத்து வருஷம் இருக்கும். ஈஸ்னோபில் லேசா ஏறி இறங்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். இந்த ஆளுக்கு "ஈஸ்னோபீலியா, அலர்ஜி"ன்னு ஸ்டீராய்டு கொடுத்தா சில மணி நேரத்துல எண்ணிக்கை சரசரன்னு இறங்கும், ரிப்போர்ட் அழகா இருக்கும். உள்ள காவல் போயிடுச்சு. புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல், மூளைன்னு பரவி உயிரையே வாங்கிடும். தயவுசெஞ்சு ஈஸ்னோபிலுக்குன்னு கடையில ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. வழக்கமான பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல் 400 ஒரே ஒரு வேளை, இந்தப் புழுவுக்குப் போதாது. இதுக்கு ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், டாக்டர் பார்த்துத்தான் தரணும்.

மலப் பரிசோதனைக்கு ஒரு தடவை கொடுத்துட்டு "புழு இல்லை"ன்னு முடிச்சுக்காதீங்க. வேற வேற நாள்ல மூணு சாம்பிள் கொடுங்க, சிறுநீர் கலக்காம, எடுத்த ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல லேபுக்குப் போகட்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் சந்தேகம்னா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, குஞ்சு செயலிழந்துட்டா கண்டுபிடிக்கறது கஷ்டம். சாம்பிள் ஒரு நாள் வெளியே கிடந்தா இன்னொரு குழப்பம்: கொக்கிப்புழு முட்டை பொரிஞ்சு வர்ற குஞ்சும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் குஞ்சு மாதிரியே இருக்கும். மலத்துல ரெண்டு முனையும் ஊசியா இருக்கற படிகம் தெரிஞ்சா, அது சார்க்கோ-லைடன் படிகம், ஈஸ்னோபில் செத்து விட்டுட்டுப் போன புரதம். முட்டை கிடைக்கலைன்னாலும் அங்க சண்டை நடந்திருக்குன்னு அர்த்தம். தேடறதை விடாதீங்க.

மருந்து முடிஞ்ச முதல் வாரத்துல எண்ணிக்கை இன்னும் ஏறலாம். செத்த புழுவோட சரக்கெல்லாம் ஒரே நேரத்துல வெளிவர்றதால வர்ற ஏற்றம் அது, மருந்து வேலை செய்யலைன்னு மாத்திடாதீங்க. இறங்க வாரக்கணக்கு ஆகும், சில புழுவுக்கு மாசக்கணக்கு. மாசக்கணக்கா 1,500-க்குக் கீழ வரவே இல்லைன்னா எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்து இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்க. அந்த ஆரஞ்சு மணிகள் இதயத்தோட உள்சுவரையும் அரிக்கும்.