குவாதலூப்: எந்த இறக்கையில் தங்குவது?

[திரையில்: தீவின் வரைபடம்]

வணக்கம். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப்பை மேலிருந்து பார்த்தால் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி தெரியும். உண்மையில் அவை இரண்டு தீவுகள். நடுவில் ஓடுவதற்கு ரிவியேர் சாலே என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் உப்பாறு. ஆனால் அது ஆறே இல்லை, குறுகலான கடல் கால்வாய்.

மற்ற பெயர்களும் இப்படித்தான் ஆளைக் குழப்பும். கிழக்கு இறக்கை கிராண்ட்-தேர், அதாவது பெரிய நிலம். இரண்டில் சிறியது அதுதான்! மேற்கு இறக்கை பாஸ்-தேர், தாழ்ந்த நிலம்; அங்கேதான் 1,467 மீட்டர் உயரத்துக்கு லா சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. கப்பல்காரர்கள் காற்று மறைவான பக்கத்தைத் தாழ்ந்த பக்கம் என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

டிக்கெட் போடுவதற்கு முன் விசாவைப் பார்த்துவிடுவோம். குவாதலூப் பிரான்ஸின் ஒரு பகுதி, செலாவணி யூரோ. ஆனாலும் அது ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள், வராது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வழக்கமான ஷெங்கன் விசா போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். விண்ணப்பத்திலேயே குவாதலூப் போவதைச் சொல்லி, அங்கே செல்லுபடியாகும் விசாவாகக் கேளுங்கள். பாரிஸ் வழியாகப் போனால், அங்கே இறங்கும் விமான நிலையமும் அடுத்த விமானம் ஏறும் நிலையமும் வேறாக இருக்கலாம். அப்படியானால் ஊருக்குள் புகுந்துதான் மாற வேண்டும். அதற்கு ஷெங்கன் விசாவும் தேவை.

எப்போது போகலாம்? டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கிறிஸ்துமஸ் சமயத்திலும், பிரான்ஸில் பள்ளி விடுமுறை வரும் பிப்ரவரியிலும் அறை வாடகை எகிறும்.

[திரையில்: வெள்ளை மணல், அப்புறம் கறுப்பு மணல்]

சரி, எங்கே தங்குவது? சுண்ணாம்புக்கல் நிலமான கிராண்ட்-தேரில் வெள்ளை மணல், ஆழமில்லாத கடல். சேன்ட்-ஆன், கோசியே பக்கம் குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சுகம். ஒரு தொல்லை உண்டு: அட்லாண்டிக்கிலிருந்து சர்காசம் என்ற கடற்பாசி சில மாதங்களில் கரையில் குவிந்து, அழுகி நாறும். பாஸ்-தேரின் மேற்குக் கரைக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. அங்கே மாலாந்துரில் எரிமலைச் சாம்பல் நிறத்தில் மணல். எதிரே பிஜன் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். கடலுக்கடியில் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கே தங்குவதுதான் சரி. நான் சொல்வது: ஒரு வாரம் இருந்தால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் இறக்கை மாறி இறக்கை ஓடினால் நடுவே இருக்கும் போயிந்த்-ஆ-பீத்ர் நகரத்து நெரிசலிலேயே விடுமுறை கழிந்துவிடும். பேருந்தை நம்ப முடியாது, கார் எடுக்கத்தான் வேண்டும். வண்டி ஓட்டுவது வலப்பக்கம்.

எரிமலை ஏறுகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புங்கள், பிறகு மேகம் மூடிக்கொள்ளும். உச்சியில் கந்தக வாயு வெளியேறும் இடங்களுக்கு அருகே போகத் தடை உண்டு. இறங்கி வந்ததும் அடிவாரத்தில் பேன் ஜோன் என்ற வெதுவெதுப்பான ஊற்றுநீர்த் தொட்டியில் காலை நீட்டி உட்காரலாம், கட்டணம் இல்லை.

கடற்கரையில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய மரம் கண்டால் விலகிப் போங்கள். மான்செனியே என்ற நச்சு மரம் அது. சின்ன ஆப்பிள் போன்ற அதன் பழத்தைத் தொடக்கூடாது. மழைக்குக் கூட அதன் கீழ் ஒதுங்கக்கூடாது. இலையில் வழியும் நீர் பட்டாலே தோல் வெந்துவிடும்.

[திரையில்: வண்ணமயமான கோயில்]

பாஸ்-தேரின் கிழக்குக் கரையில் கபெஸ்தேர்-பெல்-ஓ ஊரை ஒட்டிச் சாங்கி என்ற இந்துக் கோயில். 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். 1854 கடைசியில் ஓரேலி என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலிகள் குவாதலூப்பில் இறங்கினார்கள். அடுத்து வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். மாரியம்மன் இங்கே மாலியெமென். பேரப்பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி மாறிவிட்டது, சாமி கூடவே வந்துவிட்டது. ஆங்ரி சிதாம்பரோம் என்பவர் 1904-இலிருந்து கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் வழக்காடி, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வாங்கித் தந்தார். அந்தக் குடும்பப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நம்ம சிதம்பரம்!

மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே கொலோம்போ கேளுங்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த பொடியில் ஆட்டுக்கறியோ கோழியோ வேகும். காரம் நமக்குப் பத்தாது. மிளகாய்ச் சாஸை மேசையில் தனியாக வைப்பார்கள், அது வேறு கதை, துளித்துளியாக விட்டுக்கொள்ளுங்கள்.